ஓமின் விதியும் திருகோணமலையின் மின்வலுவும்

பௌதிகவியலைக் கற்கத் தொடங்கும் மாணவன் மின்னியலிலே முதன்முதற் செய்யுங் கணக்குக்கள் இரண்டாகும். ஒரு கடத்தியின் முனைகளுக்கிடையே உள்ள அழுத்தத்தை அதனூடு செல்லும் ஓட்டத்தால் வகுத்தால் அக்கடத்தியின் தடை பெறப்படும் என்பது ஒன்று. அவ்வழுத்தத்தை அவ்வோட்டத்தாற் பெருக்கினால் அங்கே செலவாகும் வலு பெறப்படும் என்பது மற்றையது. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த சிறுவனுஞ் செய்யத்தக்க இக்கணக்குக்களுக்கு வரலாறு எனச் சொல்லத்தக்கது யாதுளது எனச் சிலர் வினவலாம். மலையிலே பிறக்கும் மின் எந்தப் பட்டினத்தை அடையும், எதனை அடையாது என்பதை இவ்விரு கணக்குக்களே தீர்மானித்தன. கடலோரத்துப் பட்டினமாகிய திருகோணமலை நெடுங்காலமாகக் கம்பியின் கடைசி முனையாய் இருந்தது. இக்காலத்திலோ அது கம்பியின் தொடக்க முனையாக மாறத் தலைப்பட்டுள்ளது. இம்மாற்றத்தின் பொருளை எமது மாவட்டத்து மாணவர் தாமே கணித்தறிய வல்லவராதல் வேண்டும். அதற்குத் துணையாகவே இக்கட்டுரை அக்கணக்குக்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகின்றது.

பள்ளி ஆசிரியரின் பரிசோதனை

வகுப்பறையிலே 'ஓம்' என்பது ஓர் அலகாகவே அறியப்படுகின்றது. அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் ஒரு பள்ளி ஆசிரியராய் இருந்தவர் என்பதும் மாணவர் பலர் அறியாதவை. கேயோர்க் சைமன் ஓம் 1789 ஆம் ஆண்டிலே ஜேர்மனியிலுள்ள ஏர்லாங்கன் என்னும் ஊரிலே, பூட்டுத் தொழிலாளர் ஒருவருக்கு மைந்தராகப் பிறந்தார். முறையான கல்வி பெறாத அத்தந்தையார் தம் முயற்சியாற் கணிதங் கற்றுத் தம் பிள்ளைகளுக்குங் கற்பித்தார். ஓம் பல ஊர்களிலே ஆசிரியத் தொழில் பார்த்தபின் 1817 இலே கொலோன் நகரத்து உயர்பள்ளியொன்றிலே கணிதமும் பௌதிகமுங் கற்பிக்கும் பணியை ஏற்றார். அப்பள்ளியின் ஆய்வுகூடமே அவருடைய ஆராய்ச்சிக் களமாயிற்று.

அக்காலத்திலே மின்னோட்டத்தைத் தந்த கருவி இத்தாலியராகிய வோல்ற்றா 1800 ஆம் ஆண்டிலே வெளிப்படுத்திய மின்கல அடுக்காகும். அதனிடத்து ஒரு குறையிருந்தது. ஓட்டத்தை எடுக்க எடுக்க அதன் வலிமை குன்றியது. நிறைகோல் கைக்குள்ளேயே மாறிக்கொண்டிருந்தால் வணிகன் எவ்வாறு நிறுப்பான்? 1825 ஆம் ஆண்டிலே ஓம் செய்த முதற் பரிசோதனைகள் இக்காரணத்தாலேயே பிழைபட்டன. அப்பொழுது பொகென்டோர்ஃப் என்னும் அறிஞர், மின்கலத்தை விடுத்து வெப்பவிணையைக் கையாளுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். வேறுபட்ட இரு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றையதைக் குளிராகவும் வைத்தால் மின் தோன்றும் என்பதை சேபெக் என்பவர் 1821 இலே கண்டிருந்தார்.

ஓம் செம்பையும் பிசுமதையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றையதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பநிலையும் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாதிருப்பவை. ஆதலின் அவற்றாற் பிறந்த மின்னழுத்தமும் மாறாது நின்றது. பின்னர், நீளத்தில் வேறுபட்ட செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிலே இணைத்தார். ஓட்டத்தின் அளவை, மெல்லிய இழையிலே தொங்கிய காந்த ஊசி திரும்பியதைக் கொண்டு மதிப்பிட்டார். கம்பி நீள நீள ஓட்டங் குறைந்தது. அக்குறைவும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாயிருந்தது. அழுத்தத்தைச் சுற்றின் முழுத்தடையால் வகுக்க ஓட்டம் பெறப்படும் என்ற விதியை அவர் இவ்வாறு கண்டு, 1827 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார்.

அந்நூலைப் பலர் அன்று பொருட்படுத்தவில்லை. சிலர் வெளிப்படையாகவே இகழ்ந்தனர். இயற்கையை இத்துணை எளிய கணிதத்தால் அளக்க முற்படுதல் தகாது என்ற எண்ணம் அக்காலத்து ஜேர்மனிய அறிஞரிடையே வேரூன்றியிருந்தது. மனமுடைந்த ஓம் 1828 இலே கொலோன் பணியைத் துறந்தார். 1833 இலேயே நூரம்பேர்க் நகரிலே தக்க பதவியொன்று கிடைத்தது. இலண்டன் அரச கழகம் 1841 இலே கொப்ளிப் பதக்கத்தை அளித்துப் பெருமைப்படுத்திய பின்னரே அவர் புகழ் பரவியது. மியூனிக் பல்கலைக்கழகத்திலே பௌதிகப் பேராசிரியராக அவர் அமர்ந்தது 1852 இலாகும். இரண்டாண்டுகள் கழிய அவர் உயிர் நீத்தார்.

இவ்விடத்திலே மற்றோர் அறிஞரையும் நினைவுகூர்தல் முறையாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த கவென்டிஷ் என்பவர் 1781 ஆம் ஆண்டளவிலேயே இவ்விதியை அணுகியிருந்தார். ஓட்டத்தை அளக்குங் கருவி இல்லாத காலத்திலே, தம் உடலிலே மின் பாயும்பொழுது தோன்றும் அதிர்ச்சியின் கடுமையை ஒப்பிட்டே அவர் தடைகளை அளந்தார். அக்குறிப்புக்களை அவர் வெளியிடவில்லை. மக்சுவெல் அவற்றைப் பதிப்பித்த ஆண்டு 1879 ஆகும். அறிவைத் தேடுதல் ஒரு கடமை. தேடிப் பெற்றதைப் பிறர்க்கு வழங்குதல் அதனோடொத்த மற்றொரு கடமை. இவ்விரண்டையுஞ் செய்தவர் ஓம் ஆதலின் விதி அவர் பெயரைப் பெற்றது.

ஓட்டமும் வெப்பமும்

தடையைப் பற்றிய விதி கிடைத்தது. மின்னாற் பெறப்படும் பயனை அளப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர் மாஞ்செஸ்டர் நகருக்கு அணித்தாய சால்போர்டிலே பிறந்தவரும், மதுவடிசாலை உரிமையாளரின் மைந்தருமாகிய யேம்ஸ் யூல் ஆவர். மின்னோட்டஞ் செல்லுங் கம்பியை நீரிலே அமிழ்த்தி, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என அவர் அளந்தார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் இருமடங்கன்று, நான்கு மடங்காகின்றது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகின்றது. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் ஒரு செக்கனிலே தோன்றும் வெப்பம் பெறப்படும் என்ற உண்மையை அவர் 1840, 1841 ஆம் ஆண்டுகளிலே நிலைநாட்டினார். இவ்வர்க்க விதியே இக்கட்டுரையின் உயிர்நாடி. மாணவர் இதனை மனத்திலே பதித்துக்கொள்வாராக.

விதிகள் இருந்தும் அலகுகள் ஒன்றுபட்டிருக்கவில்லை. ஒருவர் தம் ஆய்வுகூடத்துக் கம்பியொன்றின் தடையை அலகாகக் கொள்வார். மற்றொருவர் வேறொன்றைக் கொள்வார். கடலடித் தந்திக் கம்பிகள் இக்குழப்பத்தை நீக்குமாறு உலகை நெருக்கின. 1858 ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே இடப்பட்ட முதற் கம்பி, அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் பிரயோகிக்கப்பட்டமையாற் சில வாரங்களுள் முற்றிலும் பழுதாயிற்று. கடலடியிற் கிடக்குங் கம்பி எவ்விடத்திலே பழுதுற்றது என்பதைக் கரையிலிருந்தே அறிதற்கு ஒரே வழி தடையை அளத்தலாகும். ஒரு மைல் நீளத்தின் தடை தெரிந்தால், கரையிலிருந்து பழுதுவரை அளந்த தடையை அதனால் வகுக்கத் தூரம் பெறப்படும். இதன்பொருட்டுத் தடைக்கு உறுதியான அலகு வேண்டப்பட்டது. பிரித்தானிய விஞ்ஞானச் சங்கம் 1861 இலே இதற்கென ஒரு குழுவை அமைத்தது. 1881 இலே பாரிசு நகரிற் கூடிய மகாநாடு ஓம், வோல்ற்று, அம்பியர் என்னும் அலகுகளை உலகுக்குப் பொதுவாக ஏற்றது. வலுவுக்கு வாற்று என்னும் பெயரை மறுவாண்டிலே முன்மொழிந்தவர் வில்லியம் சீமன்சு ஆவர்.

அலகுகள் அமைந்தபின் கணக்கு எளிதாயிற்று. 230 வோல்ற்றிலே இயங்கும் 100 வாற்று இழைமின்குமிழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 ஐ 230 ஆல் வகுக்க, ஓட்டம் ஏறத்தாழ 0.435 அம்பியராகும். 230 ஐ அவ்வோட்டத்தால் வகுக்க, தடை 529 ஓமாகும். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. 529 ஓம் என்பது இழை வெண்சூட்டிலே ஒளிரும்பொழுது உள்ள தடை. குளிர்ந்த குமிழின் தடையை மாணவன் அளந்தால் அது பன்மடங்கு குறைவாயிருக்கக் காண்பான். வெப்பநிலை மாறாதிருக்கும்பொழுதே ஓமின் விதி செல்லும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

தூரத்தை வென்றமை

மின்விளக்கை நகரம் முழுவதற்கும் வழங்க எண்ணியவருள் முதல்வர் எடிசன். அவருக்கு முன்னிருந்தோர் தடை குறைந்த இழைகளையே விளக்குகளுக்கு நாடினர். எடிசனோ தடை மிகுந்த இழையைத் தேடினார். ஏன் என்பதை வர்க்க விதி கூறும். விளக்கத்தின்பொருட்டு, 10 வோல்ற்றிலே எரியும் 100 வாற்று விளக்கொன்றையும், 110 வோல்ற்றிலே எரியும் 100 வாற்று விளக்கொன்றையும் ஒப்பிடுவோம். முன்னதன் தடை 1 ஓம், அது கொள்ளும் ஓட்டம் 10 அம்பியர். பின்னதன் தடை 121 ஓம், அது கொள்ளும் ஓட்டம் ஒரு அம்பியருக்குங் குறைவு. இரண்டும் ஒரே ஒளியைத் தந்தாலும், அவற்றுக்கு மின்னைக் கொண்டுசெல்லுங் கம்பி ஒன்றேயாயின், முன்னதற்காகக் கம்பியிலே வீணாகும் வெப்பம் பின்னதற்கு வீணாவதைப்போல 121 மடங்காகும். எடிசன் 1882 செத்தெம்பரிலே நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியிலே திறந்த மின்னிலையம் 110 வோல்ற்று நேரோட்டத்தை வழங்கியது.

அவ்வழுத்தமும் ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பாற் செல்லப் போதியதாயில்லை. வீட்டினுள்ளே அழுத்தங் குறைவாயிருத்தல் பாதுகாப்புக்கு வேண்டும். வழியிலே அழுத்தம் மிகுந்திருத்தல் சிக்கனத்துக்கு வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரு தேவைகளையும் இணக்கியது நிலைமாற்றியாகும். 1885 இலே புடாப்பெஸ்ட் நகரத்துப் பொறியியலாளர் மூவர் அதனைச் செவ்விய வடிவிலே அமைத்தனர். ஆடலோட்டத்தின் அழுத்தத்தை வேண்டியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் அது வழி செய்தது. 1891 இலே ஜேர்மனியின் லவ்பன் என்னும் ஊரிலுள்ள நீர்வீழ்ச்சியிற் பிறந்த மின், 175 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பிராங்பேர்ட் நகரத்துக் கண்காட்சிக்கு 15,000 வோல்ற்றுக்குக் குறையாத அழுத்தத்திலே கொண்டுசெல்லப்பட்டது. அனுப்பிய வலுவிலே ஏறத்தாழ முக்காற்பங்கு போய்ச் சேர்ந்தது. நீர் விழும் இடத்திலேதான் ஆலை இருக்கவேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு அன்று அற்றது.

இலங்கையிலே நீர்வலு

இவ்வுண்மையை இலங்கைக்குப் பொருத்திக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா ஆவர். கொழும்பிலே எரிபொருளாற் பிறப்பித்த மின் ஒரு சிலருக்கே கிடைத்த காலத்திலே, மலைநாட்டு அருவிகளின் வலுவை நாடு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என அவர் கணக்கிட்டார். 1918 ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னே, நீர்வலுவைப் பயன்படுத்துதலின் பொருளாதாரம் பற்றிய ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். லக்சபானத் திட்டத்தின் வேலை 1924 இலே தொடங்கி 1927 இலே நிறுத்தப்பட்டது. விமலசுரேந்திரா 1931 இலே அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அதற்காக வாதாடினார். ஈற்றில் 1950 இலே, அவர் முதுமையெய்திய காலத்திலே, 25 மெகாவாற்று வலுவோடு லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின் 66,000 வோல்ற்றிலே கொழும்புக்குச் சென்றது. மூன்றாண்டுகளின் பின் அவர் காலமானார். ஓமைப் போலவே இவரும் தமது கணக்கு மெய்யாவதைக் காணுதற்கு நெடுங்காலங் காத்திருந்தவர்.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நெடுந்தூர மின் மூவவத்தை ஆடலோட்டமாகச் செல்வதால், வலுவை அழுத்தத்தாலும் மூன்றின் வர்க்கமூலமாகிய 1.732 ஆலும் வகுக்க, ஒவ்வொரு கம்பியிலுஞ் செல்லும் ஓட்டம் பெறப்படும். வலுக்காரணியை ஒன்று எனக் கொள்வோம். 25 மெகாவாற்றை 66,000 வோல்ற்றிலே அனுப்ப வேண்டிய ஓட்டம் ஏறத்தாழ 219 அம்பியராகும். அழுத்தத்தை இருமடங்காக்கி 132,000 வோல்ற்றிலே அனுப்பினால், அதே 219 அம்பியரைக் கொண்டே 50 மெகாவாற்றை அனுப்பலாம். கம்பியிலே தோன்றும் வெப்பம் ஓட்டத்தைப் பொறுத்ததாகையால் இழப்பு கூடவில்லை, பயனோ இருமடங்காயிற்று. இலங்கையின் நெடுந்தூரக் கம்பிகள் 66,000 இலிருந்து 132,000 க்கும், பின்னர் 220,000 வோல்ற்றுக்கும் உயர்ந்ததன் காரணம் இதுவே.

துறைமுகமும் எரிபொருளும்

திருகோணமலையின் நிலை மலைநாட்டின் நிலைக்கு நேர்மாறானது. மகாவலி கங்கை மலையிலே பிறந்து, கொத்மலை, விக்டோரியா முதலிய அணைகளிலே மின்னைத் தந்தபின், எமது கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. நீரின் வலு அது விழும் உயரத்தைப் பொறுத்தது. மூதூரை அணுகும் கங்கையிலே நீர் உண்டு, உயரம் இல்லை. ஆதலால் மகாவலி வயலுக்கு வேண்டிய நீரை எமக்கு நேரே கொணர்ந்தாலும், அதன் மின்வலு கம்பி வழியாகவே வரவேண்டியதாயிற்று. விக்டோரியா நிலையம் 210 மெகாவாற்று வலுவுடையது. அதன் நீரும் அதன் மின்னும் வெவ்வேறு வழிகளாலே எம்மை அடைகின்றன.

துறைமுகமோ மின்னுக்கு முன்னரே எரிபொருளின் வரலாற்றிலே இடம்பெற்றது. நீராவிக் கப்பல்களின் காலத்திலே கரியும், பின்னர் எண்ணெயும் இங்கே சேமிக்கப்பட்டன. சீனக்குடாவை அடுத்துப் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கவை. 1942 ஏப்பிரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபொழுது அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது 1957 இலாகும். இவ்வெரிபொருள்கள் கடந்து செல்லுங் கப்பல்களுக்கு உரியவை. ஊரவரின் குடிசைகளுக்கு உரியவையல்ல. உலகப் படைகளுக்கு வேண்டிய சத்தி குவிந்து கிடந்த துறைமுகத்தைச் சுற்றியிருந்த கிராமங்களிலே மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது.

பின்னர் அநுராதபுரத்திலிருந்து 132,000 வோல்ற்றுக் கம்பி இவ்வூரை எட்டியது. அது மின்வலையின் ஒரு கிளை. திருகோணமலை அக்கிளையின் நுனி. நுனியிலிருப்போர் அறியும் இடர் ஒன்றுண்டு. ஒரு கிராமத்தின் கடைசி வீட்டுக்குச் செல்லுங் கம்பியின் தடை, போக்கும் வரவுமாக 1 ஓம் எனவும், மாலையிலே அதிற் செல்லும் ஓட்டம் 20 அம்பியர் எனவுங் கொள்வோம். 20 ஐ 1 ஆற் பெருக்க, 20 வோல்ற்றுக் கம்பியிலேயே கழிந்துவிடும். 230 வோல்ற்றுக்குப் பதிலாக 210 வோல்ற்றே வீட்டை அடையும். தடை மாறாத கருவியொன்றிலே வலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் நீரைக் கொதிக்கவைக்குங் கேத்தல் தன் வலுவிலே ஆறிலொரு பங்கை இழக்கும். கம்பியிலே 400 வாற்று வெப்பமாக வீணாகும். தடித்த கம்பி இடுதலோ, நிலைமாற்றியை அணித்தாய் வைத்தலோ இதற்கு மருந்தாகும். கடைசி வீட்டாரின் முறைப்பாடு வெறும் முறைப்பாடன்று. அஃது ஓமின் விதியின் வழியே பெறப்படும் ஒரு தேற்றம்.

சம்பூர்

கம்பியின் நுனியாயிருந்த மாவட்டத்தை அதன் அடியாக மாற்றும் முயற்சி, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரை மையமாகக் கொண்டது. 2006 ஆம் ஆண்டின் போரினாலே சம்பூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மக்களின்றி வெறுமையுற்றன. அவர்கள் கிளிவெட்டி முதலிய இடங்களிலுள்ள முகாம்களிலே பல்லாண்டுகள் வாழ்ந்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்தியத் தேசிய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையுங் கூடித் திருகோணமலையிலே நிலக்கரி மின்னிலையம் ஒன்றை அமைப்பதற்கான உடன்பாடு எழுதப்பட்டது. சம்பூரிலே அமைய இருந்த அதன் வலு 500 மெகாவாற்று என வகுக்கப்பட்டது. 2015 இலே சம்பூர் மக்களின் மீள்குடியேற்றந் தொடங்கியது. நிலக்கரித் திட்டம் 2016 இலே கைவிடப்பட்டது.

அனல் நிலையத்தின் கணக்கை ஒரு கணம் நோக்குதல் தகும். எரிபொருளின் சத்தியிலே நூற்றுக்கு 40 பங்கு மின்னாகும் எனக் கொண்டால், 500 மெகாவாற்று மின்னுக்கு 1,250 மெகாவாற்று வெப்பம் எரிக்கப்பட வேண்டும். மிகுதி 750 மெகாவாற்றிலே பெரும்பகுதி குளிர்த்தும் நீரோடு கடலிற் சேரும். குடாவிலே வலை வீசுவோர் அத்திட்டத்தை அஞ்சியமைக்கு இதுவும் ஓர் ஏதுவாகும். அவர்களுட் பலர் வாற்று என்னுஞ் சொல்லை அறியாதவராயிருக்கலாம். வாற்றின் விளைவை அறியாதவரல்லர்.

அதன்பின் அதேயிடத்திலே சூரியவலு நிலையம் அமைப்பதற்கு இரு நாட்டாரும் இணங்கினர். 2022 இலே 50 மெகாவாற்றுக்கு உடன்பாடு எழுதப்பட்டது. 2025 ஏப்பிரில் 5 ஆந் திகதி, 120 மெகாவாற்றுக்கு விரிவாக்கப்பட்ட திட்டத்தின் தொடக்க விழாவை இந்தியப் பிரதமரும் இலங்கை சனாதிபதியுங் கொழும்பிலிருந்தே நடத்தி வைத்தனர்.

50 மெகாவாற்று என்னும் எண்ணை மேலே கண்டோம். இதனை வீட்டு அழுத்தமாகிய 230 வோல்ற்றிலே ஒரு சோடிக் கம்பியில் அனுப்ப முயன்றால் இரண்டு இலட்சத்துப் பதினேழாயிரம் அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் வேண்டும். அதனைத் தாங்குங் கம்பி இல்லை. மூவவத்தைக் கம்பி ஒவ்வொன்றின் தடையும் 10 ஓம் எனக் கொள்வோம். 132,000 வோல்ற்றிலே ஓட்டம் 219 அம்பியர். மூன்று கம்பிகளிலும் இழப்பு ஏறத்தாழ 1.4 மெகாவாற்று, அதாவது நூற்றுக்கு 3 பங்கு. 33,000 வோல்ற்றிலே ஓட்டம் நான்கு மடங்கு, இழப்புப் பதினாறு மடங்கு. ஏறத்தாழ 23 மெகாவாற்று வழியிலேயே அழியும். 11,000 வோல்ற்றிலோ அனுப்பும் வலுவைவிட இழப்பு நான்கு மடங்காக வரும். அஃது இயலாத காரியம் என்பதே அதன் பொருள். சம்பூரின் வெயில் வயலிலே விழுந்தாலும், அது மின்னாகி நாட்டுக்குப் பயன்படுவதற்கு உயரழுத்தக் கம்பி ஏன் இன்றியமையாதது என்பதை இக்கணக்குத் தெளிவாக்கும்.

சூரியவலுவின் கணக்கிலே வேறொன்றையுஞ் சேர்த்து எண்ணவேண்டும். 50 மெகாவாற்று என்பது நண்பகலின் உச்ச அளவு. ஒரு நாளின் வெயில் நாலரை மணித்தியால முழுவலுவுக்குச் சமன் எனக் கொண்டால், நாளொன்றிலே 225,000 அலகு மின் பெறப்படும். நாளுக்கு மூன்று அலகு செலவிடும் வீடுகள் 75,000 க்கு அஃது ஈடாகும். ஆயினும் வீட்டு விளக்கு எரிவது இரவிலே. பகலின் மின்னைப் பகலிலே தொழிலுக்குப் பயன்படுத்தி, அணைகளின் நீரை இரவுக்குத் தேக்கி வைத்தல் ஒரு வழி. மின்கலங்களிலே சேமித்தல் மற்றொரு வழி. மலையின் நீரும் கடற்கரையின் வெயிலும் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாதல் கூடும். மலையிலிருந்து கடலுக்கு மட்டும் வந்த வலு, கடலிலிருந்து மலைக்குஞ் செல்லும்.

கணக்கின் பயன்

யூலின் விதி எமக்குக் கற்பிக்கும் பாடம் பௌதிகத்தோடு முடிவதன்று. மின்னியலார் தம் வரவு செலவிலே இழப்பை மறைப்பதில்லை. அனுப்பியது இவ்வளவு, சேர்ந்தது இவ்வளவு, வழியிலே கழிந்தது இவ்வளவு என்று எழுதுகின்றனர். இழப்பை எழுதியதனாலேயே அதனைக் குறைக்கும் வழியையுங் கண்டனர். எடிசனின் இழையும், நிலைமாற்றியும், உயரழுத்தக் கம்பியும் இழப்பை நேர்மையாக எண்ணியதனாற் பிறந்தவை. ஊரவர் இழப்பும் இத்தகைய நேர்மையோடு எழுதப்படல் வேண்டும். காணி இழந்தோர், தொழில் இழந்தோர், முகாமிலே கழிந்த ஆண்டுகள் ஆகியவை எக்கருத்திட்டத்தின் கணக்கிலும் ஒரு நிரலாக இடம்பெறுதல் முறை. எழுதாத இழப்பைக் குறைப்பார் ஒருவரும் இலர்.

ஆதலால் எமது மாவட்டத்திலே எந்த மின்திட்டம் வந்தாலும், எம் மாணவர் மூன்று வினாக்களை வினவுவாராக. அதன் வலு எத்தனை வாற்று, அஃது எந்நேரத்திலே கிடைக்கும்? எத்தனை வோல்ற்றிலே எங்கே செல்லும், கடைசி வீட்டுக்கு எத்தனை வோல்ற்று வந்து சேரும்? இழப்பு எவ்வளவு, அதனைத் தாங்குபவர் யாவர்? முதலிரு வினாக்களுக்கும் விடை காணுதற்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். மூன்றாவதற்கு அவற்றோடு அயலவர்பாற் கொண்ட அன்பும் வேண்டும்.

கொலோன் நகரத்துப் பள்ளியொன்றிலே, செப்புக் கம்பிகள் சிலவற்றையும் கொதிநீரையும் பனிக்கட்டியையுங் கொண்டு ஓர் ஆசிரியர் கண்ட விதி, இன்று கொட்டியாரக் குடாவின் கரையிலே எழவிருக்கும் நிலையத்தையும் ஆளுகின்றது. எமது பள்ளிகளின் ஆய்வுகூடங்களிலும் அம்பியர்மானியும் வோல்ற்றுமானியும் உள. அவற்றை அலுமாரியிலே பூட்டி வையாது மாணவர் கையிலே கொடுப்போமாயின், அளந்து அறிந்து பேசும் ஒரு தலைமுறை இத்துறைமுகத்திலே தோன்றும்.